முதலில் கொடுக்கும் மெஷின்

திங்கட்கிழமைகளில் ரேணுகா காலையில் சாப்பிட மாட்டாள். அம்மா இட்லியை டப்பாவில் வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். பதினொரு மணிக்கு மேல் வயிறு ஒத்துழைத்தால் பார்க்கலாம் என்று பையில் போட்டுக்கொள்வாள். திங்கட்கிழமைதான் மாஸ்க் கழுவும் நாள்.

அம்பத்தூரில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த கம்பெனி. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் இருப்பவர்களுக்கு, இரவு முழுக்க மூக்குக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் மெஷினை விற்பதுதான் தொழில். விற்பதற்கு முன்னால் வீட்டில் சில நாள் வைத்துப் பார்க்கக் கொடுப்பார்கள். அப்படி வீடு வீடாகப் போய்வந்த மாஸ்க்குகளெல்லாம் சனிக்கிழமைக்குள் ஒரு நீல பக்கெட்டில் சேர்ந்துவிடும். ஞாயிறு முழுக்க மூடிய அறையில் அவை கிடக்கும்.

திங்கள் காலையில் அந்த மூடியைத் திறப்பாள். எச்சில் காய்ந்த நெடி முதலில் வரும். அதன் பின்னால் தேங்காய் எண்ணெய், தலைவலித் தைலம், மீசைச் சாயம், ஒன்றிரண்டில் வெற்றிலை. சிலிக்கான் விளிம்பில் முகத்து எண்ணெய் மெழுகுபோல் படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் உருண்டு வரும். காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகளில் போர்வெல் தண்ணீரை ஊற்றி மறந்துவிடுவார்கள். அடியில் வெள்ளையாக உப்பு, அதன்மேல் பாசி. ஒருமுறை, பெரிய ஐ.டி. வேலையில் இருக்கும் ஒருவர் திருப்பிக் கொடுத்த மாஸ்க்கின் உள்ளே ஃப்ரைட் ரைஸ் பருக்கை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று மதியமும் அவள் சாப்பிடவில்லை.

"கிளவுஸ் தீந்துபோச்சு சார்" என்று முதல் மாதத்தில் முதலாளி பரத்திடம் சொன்னாள்.

"சோப்பு போட்டுக் கையக் கழுவுனா போச்சு ரேணு. நாம மெடிக்கல் லைன்" என்றார் அவர். திருச்சிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பு மருந்து கம்பெனியில் ரெப்பாக இருந்தவர். எதற்கும் முகம் சுளிக்காமல் சிரித்துக்கொண்டே இருப்பார்.

அருவருப்பு ரேணுகாவுக்குப் புதிதல்ல. அவள் பிறந்து வளர்ந்தது கொரட்டூரில். அப்பா ஆனந்தன் இருபத்தாறு வருடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பாலிஷ் பட்டறையில் பித்தளைக் குழாய்களைத் தேய்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாஷ்பேசினில் துப்பினால் கறுப்பாக இருக்கும். அவள் பல் தேய்க்கப் போகும்போது அந்தக் கறுப்பு ஓரத்தில் ஒட்டியிருக்கும். சின்ன வயதில் கத்தியிருக்கிறாள். "அதுலதாம்மா நீ படிக்கிற" என்று ஒருநாள் அம்மா சொன்ன பிறகு கத்துவதை விட்டுவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பல் தேய்க்கப் பழகினாள்.

அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனது அவள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க அப்பா மூன்று நாள் லீவு போட்டு அலைந்தார். பயோமெடிக்கல் இன்ஜினியரிங். கடைசி வருடத்தில் மார்பில் கட்டும் ஒரு பெல்ட் செய்தாள். அது மூச்சை எண்ணும். படித்து முடித்தால் மெஷின்களைச் செய்யும் இடத்துக்குப் போவோம் என்று நினைத்தாள். ஒன்றரை வருடம் வீட்டில் உட்கார்ந்த பிறகு கிடைத்தது இந்த வேலை. விசிட்டிங் கார்டில் 'அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்' என்று போட்டிருந்தது. அப்பா அதில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் காட்டிவிட்டு வந்தார். பக்கெட்டைப் பற்றி அவள் வீட்டில் சொல்லவில்லை.

வீட்டில் வைத்துப் பார்க்கும் ட்ரையலுக்குக் கம்பெனியில் ஒரு நடைமுறை இருந்தது. முதலில் 'ஏ' மெஷின் போகும். மூன்று நாள் கழித்து 'பி' மெஷின் போகும். இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு நோயாளி தனக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். ஏ சாதாரண மெஷின்; ஒரே அழுத்தத்தில் காற்றை அனுப்பும். பி விலை கூடியது. மூச்சைப் பார்த்துத் தானே அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் மெஷின் திரையில் நோயாளி கண்ணில் படாத ஒரு பக்கம் திறக்கும். அங்கே அழுத்தத்தை எண்ணாகப் போட வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருப்பார்.

"ஏ-ல அஞ்சு வெச்சிரு" என்று பரத் சொல்லிக்கொடுத்தார். "டாக்டர் பத்து எழுதுனாலும் சரி, பன்னெண்டு எழுதுனாலும் சரி, மொதல்ல அஞ்சுதான். அந்த அஞ்சுக்கு ஏறவும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கட்டும். தண்ணி வேண்டாம். பழைய மாஸ்க் போதும்."

"ஏன் சார்?"

"பழகணும்ல? எடுத்த எடுப்புல பத்து அடிச்சா பயந்துருவாங்க."

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஏ வைத்தவர்கள் எல்லாரும் மூச்சு முட்டுகிறது, தொண்டை வறண்டு போகிறது என்றார்கள். பி வைத்ததும் 'ஆஹா' என்றார்கள். புது மாஸ்க், தொட்டியில் தண்ணீர், டாக்டர் எழுதிய அழுத்தம்வரை தானே ஏறும் காற்று. பி நல்ல மெஷின் என்று ரேணுகாவும் நம்பினாள். நம்பினாளா, நம்புவது வசதியாக இருந்ததா என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூச்சை எண்ண பெல்ட் செய்தவளுக்கு ஐந்துக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?

இரண்டு வருடம் இப்படி ஓடியது. அப்புறம்தான் பச்சையப்பன் வந்தார்.

குத்தம்பாக்கத்துக்காரர், வயது நாற்பத்தொன்பது. அப்பா காலம்வரை நெல் போட்ட குடும்பம். நிலம் துண்டு துண்டாகக் கைமாறிய பிறகு இவர் டிரைவரானார். ஒரு தொழிற்சாலை ஊழியர்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸைப் பதினேழு வருடமாக ஓட்டியவர். ஒரு மாதத்துக்கு முன் சிக்னலில் நிற்கும்போது கண்ணசந்துவிட்டார். பஸ் மெல்ல உருண்டு முன்னால் நின்ற காரைத் தட்டியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பஸ் கான்ட்ராக்டர் கஜபதி சாவியை வாங்கிக்கொண்டார். மெஷின் போட்டு ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்கியதற்கு ரிப்போர்ட் கொண்டுவந்தால் சாவி. பதினைந்தாம் தேதிக்குள் வராவிட்டால் வண்டி வேறு ஆளுக்கு.

மூன்றாம் தேதி காலை ரேணுகா ஏ மெஷினோடு குத்தம்பாக்கம் போனாள். கழுத்து தடித்த, கண்ணுக்குக் கீழே பை தொங்கும் மனிதர். மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்து நாடாவை இழுத்தாள்.

"இன்னாம்மா இது, மாட்டுக்கு வாய்க்கூடு கட்ற மாதிரி கீது?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி நாகம்மாள் விடவில்லை. "மாடுகூட இப்டிக் கத்தாது பாப்பா. எதுத்த ஊட்டுக்காரங்க கேக்குறாங்க, ராவுல இன்னா மாவு மிசின் ஓட்றீங்களான்னு."

"ஏய், ஒனக்கு மட்டும் கொறட்டை வராதா?"

"என் கொறட்டைல பஸ்ஸு இடிக்கல."

அவர் மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தார். ரேணுகாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு பொத்தான்களை அழுத்திப் பிடித்தாள். டாக்டர் சீட்டில் பதினொன்று என்று இருந்தது. அவள் விரல் பழக்கத்தில் ஐந்து போட்டது. தொட்டிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நான்காம் நாள் காலையில் பச்சையப்பனே அம்பத்தூருக்கு வந்துவிட்டார். இரண்டு பஸ் மாறி, மடியில் மெஷின் பெட்டியை வைத்துக்கொண்டு வந்திருந்தார். மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"வேணாம்மா. எட்த்துக்க."

"இன்னொரு மெஷின் இருக்குண்ணா. அதுவும் மூணு நாள் வெச்சுப் பாருங்க."

"அதான் ஒண்ணு பாத்தாச்சே. ஒன்னிய கொற சொல்லல. மெசினு நல்ல மெசினுதான். நம்ம மூக்குக்குத்தான் ஒத்துவர்ல. மூணு நாளும் நீ சொன்ன மாதிரிதான் போட்டேன், உண்மையா. பாதி ராத்திரில கெணத்துல முக்குன மாதிரி ஆவுது, பிச்சிப் போட்டுட்றேன். ஒனக்கு அலைச்சல் வெச்சிட்டேன், தப்பா எட்த்துக்காத."

அவர் போன பிறகு ரேணுகா பெட்டியைத் திறந்தாள். மாஸ்க் பளபளவென்று இருந்தது. நாகம்மாள் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தாள். இரண்டு வருடத்தில் சுத்தமாகத் திரும்பி வந்த முதல் மாஸ்க். அதைக் கையில் வைத்திருந்தபோதுதான் அவளுக்கு அருவருப்பு வந்தது. பக்கெட்டைத் திறக்கும்போது வருவதைப் போலவே, ஆனால் மூக்கின் வழியாக அல்ல.

இரவில் மூச்சைப் பதிவுசெய்யும் மெஷினின் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டாள். டாக்டர் செய்த பரிசோதனைப்படி, மெஷின் இல்லாமல் தூங்கும்போது அவருக்கு ஒரு மணி நேரத்தில் ஐம்பத்துநாலு முறை மூச்சு நின்றது. மெஷின் போட்ட மூன்று நாளும் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. வெறும் ரப்பரை முகத்தில் கட்டிவிட்டு வந்தது போல.

பரத்திடம் போனாள். "சார், குத்தம்பாக்கம் கேஸ் திருப்பிக் குடுத்துட்டார். ஏ-லயே பதினொண்ணு வெச்சுப் பாத்துட்டு வரட்டுமா?"

"பி-ய எடுத்துட்டுப் போ."

"அவருக்கு இன்னொண்ணு பாக்கிற எண்ணமே இல்ல சார். ஒண்ணு சரியில்லன்னா எல்லாம் சரியில்லன்னு முடிச்சுட்டார்."

"அப்ப விடு. அந்த மாதிரி ஆளுங்க கம்பேர் பண்ணத் தெரியாதவங்க. அபார்ட்மென்ட்ல இருக்கிற வசதியான கேஸுங்கள்ல கவனம் வை."

"ஏ-ல பதினொண்ணு வெச்சா அவருக்கு வேலை செய்யும் சார்."

பரத் சிரித்தார். எப்போதும் போல மனம் விட்டுத்தான் சிரித்தார். "வேலை செய்யும்தான். எல்லாருக்கும் செய்யும். ஏ-ல பதினொண்ணு வெச்சா அப்புறம் பி-ய எவன் வாங்குவான், சொல்லு? ரெண்டு வருஷமா இது தெரியாமயா வெச்சுட்டு இருந்த?"

பாத்ரூமுக்குப் போய்க் கையைக் கழுவினாள். முழங்கை வரைக்கும் கழுவினாள்.

மறுநாள் ஏழாம் தேதி. ரெஜிஸ்டரில் 'குத்தம்பாக்கம், இரண்டாவது ட்ரையல்' என்று எழுதிவிட்டு அதே ஏ மெஷினை எடுத்துக்கொண்டாள். பெட்டிக்குள் ஒரு புது மாஸ்க்கும் வைத்தாள். பி ஷெல்ஃபிலேயே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

பச்சையப்பன் அவளைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார். "நீ ஒரு பேஜாரும்மா. அதான் வேணாம்னு சொல்லிட்டு வந்தேனே."

"ஒரு மணி நேரம்ணா. இப்பவே, பகல்ல. நான் இங்கேயே உக்காந்திருக்கேன். புடிக்கலன்னா நானே கழட்டி எடுத்துட்டுப் போயிடறேன்."

நாகம்மாள் பாயை உதறிப் போட்டாள். "போய்ப் பட்த்துக்க. ஊட்ல குந்திகினு வேற இன்னா வேலை ஒனக்கு?"

ரேணுகா பதினொன்று வைத்தாள். தொட்டியில் ஆறவைத்த தண்ணீர் ஊற்றினாள். நாடாவை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தி, காற்று கண்ணுக்கு அடிக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். நாகம்மாள் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் ஆனது. நாகம்மாள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"இன்னா பாப்பா, சத்தமே காணோம்?"

"தூங்கறாரு அக்கா."

"அந்த ஆளு தூங்குனா தெருவுக்கே தெரியுமே. இருபத்தஞ்சு வருசமா நான் கேக்காத சத்தமா? ஆளு கீதா இல்லையா, மொதல்ல பாரு!"

சொல்லிவிட்டு நாகம்மாளே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். பச்சையப்பன் வாயை மூடி, வயிறு ஏறி இறங்க, குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தார். நாகம்மாள் அவர் காலைப் பிடித்து உலுக்கினாள். அவர் திடுக்கிட்டு எழுந்து மாஸ்க்கை இறக்கினார்.

"இன்னாடி?"

"செத்துட்டியோன்னு பாத்தேன்."

"நல்லாத் தூங்கிகினு கீறவன எய்ப்பி வுட்டியே, பாவி." கண்ணைத் தேய்த்தார். ரேணுகாவைப் பார்த்தார். "சும்மா சொல்லக் கூடாதும்மா. இது தூக்கம். அந்த மெசினு வேஸ்ட்டு, இது சூப்பரு. மாத்தி எட்த்துகினு வந்தியே, மவராசி."

அவள் அதோடு தலையாட்டியிருக்கலாம்.

"அதே மெஷின்தான்ணா."

"அதேவா?"

"அன்னிக்கு சரியா வெக்கல."

"மறந்துட்டியா? சரி போ, எல்லாருக்கும் வர்றதுதான்."

"மறக்கலண்ணா. வேணும்னேதான் கம்மியா வெச்சேன். மொதல்ல குடுக்கிற மெஷின்ல அப்படித்தான் வெப்போம். கஷ்டமா இருந்தா, அடுத்து விலை கூடினத வாங்குவாங்கன்னு."

அவர் மாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது நாகம்மாள்.

"மூணு ராத்திரி. எய்ந்து எய்ந்து குந்திகினு கெடந்தான் மனுசன். மூச்சுக்கு அட்ச்சிகினான். ஒங்கம்மாதான் ஒன்னிய பெத்தாளா?" குரல் உயரவில்லை. குனிந்து மோர் சொம்பை எடுத்துக்கொண்டாள். ரேணுகா இன்னும் குடித்திருக்கவில்லை. நாகம்மாள் அதை வாசலுக்குக் கொண்டுபோய் செடிக்குக்கூட ஊற்றாமல் ரோட்டில் ஊற்றினாள்.

"எத்தினி பேருக்கு இப்டி வெச்ச?" என்றார் பச்சையப்பன்.

"எல்லாருக்கும்ணா."

"படிச்ச பொண்ணு தானே நீ?"

"ஆமாண்ணா."

"சரி, மெசினு இருக்கட்டும். நீ கெளம்பு."

ஏழு ராத்திரி ஓடியது. கார்டில் மணிக்கு ஐந்து, நாலு, ஐந்து, நாலு முறை. ஆனால் அதே கார்டில் முதல் மூன்று ராத்திரிகளும் இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் அவை அழிந்துவிடும். ரேணுகா திரையில் அந்தப் பக்கம்வரை போனாள். பிறகு மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். 'முதல் மூன்று நாட்கள் டாக்டர் எழுதிய அழுத்தம் வைக்கப்படவில்லை. நோயாளி மெஷினைச் சரியாகவே பயன்படுத்தினார். குறைத்து வைத்தது நான்.' கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட்டோடு சேர்த்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரும் வண்டி ஓட்டலாம் என்று கடிதம் கொடுத்தார்.

பதினான்காம் தேதி பகலில் திருமழிசைப் பக்கம் கஜபதியின் பஸ் நிற்கும் காலி மனையில் மூவரும் நின்றார்கள். கஜபதி வாயில் பல்குச்சியோடு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பச்சை, மொத மூணு நாளு மூச்சு நின்னுகினே கீது? மெசின ஆணில மாட்டிட்டுத் தூங்கினியா?"

"அந்தப் பொண்ணு எய்திக் கீது பாரு."

"எய்திக் கீது. நீ சொல்லி எய்துனதா இருந்தா? ஆள ஏத்திகினு போற வண்டி மாமே. கம்பெனில கேட்டுட்றேன்." ரிப்போர்ட்டின் மேலே இருந்த நம்பருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பரத்தின் குரல் வந்தது.

விஷயத்தைக் கேட்டும் அவர் தயங்கவில்லை. "வெரி சாரி சார். அந்தப் பொண்ணு கொஞ்சம் புதுசு. செட்டிங்ஸ தப்பா வெச்சிருச்சு. நாங்க ரிப்போர்ட்ல கண்டுபிடிச்சு உடனே ஆள அனுப்பி சரி பண்ணிட்டோம். பேஷன்ட் சேஃப்டிதான் சார் எங்களுக்கு முக்கியம்."

பச்சையப்பன் வாயைத் திறந்தார். ரேணுகா அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். உண்மையைச் சொன்னால் கஜபதிக்கு மறுபடி சந்தேகம் வரும், நாளை பதினைந்து.

"கம்பெனியே ஒத்துகிச்சு" என்று கஜபதி போனை வைத்தார். ரேணுகாவை மேலும் கீழும் பார்த்தார். "தப்பு தப்பா வெச்சிகினு இன்னா படிச்சியோ போ. பச்சை, இந்தா சாவி. பூந்தமல்லி வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டு, பாக்கறேன். ஏம்மா, நீயும் ஏறு. நீ வெச்ச மெசின் தானே?"

காலி பஸ்ஸில் அவள் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தாள். கஜபதி டிரைவருக்குப் பக்கத்தில் பானெட்மேல் உட்கார்ந்துகொண்டு பச்சையப்பன் கண்ணையே பார்த்தபடி வந்தார். வண்டி ரோட்டுக்கு ஏறியது. லாரிகளுக்கு நடுவே சீராகப் போனது.

அவள் போனில் செய்தி வந்தது. 'ரேணு, சூப்பரா சமாளிச்சோம். நாளைக்குக் காட்டுப்பாக்கத்துல புது கேஸ். ஏ எடுத்துட்டுப் போயிடு.'

சமாளிச்சோம். அவளையும் சேர்த்துக்கொண்ட அந்த 'சோம்' அவள் மேல் ஈரமாக ஒட்டியது. போனைக் கவிழ்த்து வைத்தாள். அது அடிக்க ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"எடேம்மா" என்றார் பச்சையப்பன், திரும்பாமல். அன்று காலையிலிருந்து அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

எடுத்தாள். "கோவமா ரேணு? அந்த ஆளுக்கு வேலை கெடைக்கணும்னுதானே நீயும் நெனச்ச? கெடச்சுதா இல்லையா?"

அது உண்மை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"காட்டுப்பாக்கம் கேஸுக்கு டாக்டர் எவ்வளவு எழுதியிருக்கார் சார்?"

"எதுக்கு? ஒம்போதோ பத்தோ."

"ஒம்போதா, பத்தா? சீட்டப் பாத்துச் சொல்லுங்க சார். ஏ-ல அதத்தான் வெப்பேன். இல்லன்னா வேற ஆள அனுப்புங்க."

அந்தப் பக்கம் இந்த முறை சிரிப்பு வரவில்லை.

பூந்தமல்லியில் பஸ் நின்றது. கஜபதி பானெட்டைத் தட்டி, "இன்னிக்கி செகண்ட் ஷிப்ட்டுக்கே வந்துடு" என்றார். ரேணுகா படியில் இறங்கினாள்.

"போன்ல இன்னா சொன்னாரு?" என்றார் பச்சையப்பன்.

"ஒண்ணும் சொல்லலண்ணா. கட் பண்ணிட்டாரு."

"பண்ணுவாரு" என்றார். கண்ணாடியைப் பார்த்து, பின்னால் வந்த ஆட்டோவைப் போகவிட்டு, வண்டியைத் திருப்பினார்.